கல்லில் தேய்ந்த கடைசிச் சொல்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் நாங்கள் குடிபோன பழைய வீட்டின் கொல்லையில் ஒரு துவைக்கும் கல் கிடந்தது. தொண்ணூற்றாறாம் வருட மழைக்காலம். கல் ஆடுகிறதே என்று புரட்டிப் போட்டோம். அடிப்பக்கம் முழுக்க எழுத்து.

என் வீட்டுக்காரர் ஜெயராஜ் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். கல்வெட்டு எழுத்தும் கொஞ்சம் பழகியவர். கேட்க வேண்டுமா? கல் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பழைய கன்னடம், டோரதி. பாட்டா இருக்கு. சாப்பிடாம இருந்தே உயிரை விட்ட ஒரு சமண முனிவரைப் பத்தி. அந்தக் காலத்துக் கன்னடம் முக்கால்வாசி நம்ம தமிழ்தான், தெரியுமா?”

பாட்டின் கடைசிச் சொல் பாதி தேய்ந்திருந்தது. தேய்ந்ததை அவராகவே தமிழில் நிரப்பி, கல்லில் கை வைத்துச் சத்தமாகப் படித்தார்.

“நோன்பு நோற்று முடிப்பேன்.”

அன்று மதியமே தட்டைத் தள்ளினார்.

“பசிக்கல.”

மறுநாளும் அதே பேச்சு. கெஞ்சினேன், கத்தினேன், சர்ச்சிலிருந்து ஜெபக்கூட்டத்தாரை வரவழைத்தேன். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வெறுந்தரையில் படுத்தார். அறையில் ஈரக்கல் வாசனை அடிக்க ஆரம்பித்தது. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. அவர் மூச்சு மெலிய மெலிய, பக்கத்தில் இன்னொரு மூச்சு தெளிவாகக் கேட்டது.

குனிந்து அவரிடம் கேட்டேன்.

“யாருங்க அது?”

“மெதுவா பேசு. அவர் கண்ணை மூடியிருக்கார்.”

மூன்று வாரம் கழித்து, அவரோடு வேலை பார்க்கும் கன்னட டீச்சர் சரளா பார்க்க வந்தாள். நடந்ததைச் சொன்னேன். கல்லைக் கழுவி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படித்தவள் முகம் மாறியது.

“அய்யோ தேவரே! சார் தப்பா படிச்சிட்டாரு. அது ‘முடிப்பேன்’ இல்ல, ‘முடிப்பிதார்’. அந்த முனிவர் முடிச்சார்னு அர்த்தம். ‘முடிப்பேன்’னு சொன்னா சபதம் மாதிரி ஆகுமே!”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பாகப் படித்ததுதானே? சரியாகப் படித்துவிட்டால் தீர்ந்தது. அவரை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஆறடி மனுஷன், குழந்தை கனம்கூட இல்லை. அவர் கையை எடுத்துக் கல்மேல் வைத்தேன்.

“ஒரே தடவை. முடித்தார்னு சரியா சொல்லுங்க. அப்புறம் கஞ்சி குடிக்கலாம்.”

என்னையே பார்த்தார். நான் கேட்டு எதையும் மறுத்ததில்லை, பாவி மனுஷன்.

“நோன்பு நோற்று... முடித்தார்.”

அவ்வளவுதான்.

தலை என் தோளில் சாய்ந்தது. அப்புறம் நிமிரவே இல்லை.

அடக்கம் முடிந்த கையோடு ஆள் வைத்துக் கல்லைப் பெயர்த்து வண்டியேற்றி அனுப்பினேன். ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் கொல்லைக் கதவைத் திறந்தேன்.

கல் கிடந்த இடத்தில், ஈர மண்ணில், இரண்டு பேர் சம்மணமிட்டு உட்கார்ந்த தடம்.

பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு, ஒரு சருகுகூட இல்லாமல் பெருக்கி வைத்திருந்தது.