எல்லாக் கைகளும் மேலே!

"ஐயோ..!"

வரலட்சுமியின் அலறலில் மகளிர் பெட்டியே நடுங்கியது.

1999. மாதக் கடைசி. செங்கல்பட்டிலிருந்து சென்னை போகும் காலை மின்சார ரயில் அப்போதுதான் நகர்ந்திருந்தது.

"கம்முனு இருங்கடி! டிக் டிக்குனு கேக்குதா?"

கேட்டது.

டிக்... டிக்... டிக்...

"ஒரு ஆளு இதுல ஏறுனான். வண்டி கெளம்பசொல்ல குதிச்சு ஓட்னான். நானே பாத்தேன்... பாம்டி!"

அவள் விரல் மேலே இருந்த நீலப் பையைக் காட்டியது.

லதா நிமிர்ந்து பார்த்தாள். அது அவள் வைத்த பை!

உள்ளே சுவர்க் கடிகாரம். இன்று ரிட்டயர் ஆகும் வரலட்சுமிக்கு, தினமும் ஒன்றாக ரயிலில் போகும் செட்டில் மற்ற ஐந்து பேரும் அவளுக்குத் தெரியாமல் சேர்ந்து வாங்கிய பரிசு.

ஐந்து பேருக்கும் தெரியும்!

லதா ஜெஸ்ஸியைப் பார்த்தாள். ஜெஸ்ஸி பார்வதத்தைப் பார்த்தாள். பார்வதம் ஜன்னலைப் பார்த்தாள்.

யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவேளை... அந்த ஆள் பையை மாற்றிவிட்டானோ? எல்லாரும் சும்மா இருந்தால், நான்தான் தப்போ?

"அக்கா... அது வந்து..."

"இன்னா வந்து? ஸ்ரீதேவி மாதிரி நீயும் ஆரம்பிக்காத!"

லதா வாயை மூடிக்கொண்டாள்.

தீபாவளிக்கு எல்லாரும் மயில்கழுத்துக் கலர் புடவை என்று முடிவானபோது, கை தூக்காதவள் ஸ்ரீதேவி ஒருத்திதான். இப்போது பக்கத்துப் பெட்டியில், பேச ஆளில்லாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். இந்த செட்டை விட்டால் லதாவுக்கும் அதே கம்பிதான்!

"தூக்கிப் போட்ரலாமா? கை தூக்குங்க!"

ஆறு கைகள்... மேலே!

கொளவாய் ஏரி வந்தது. வரலட்சுமி வாசலில் நின்று வீசினாள்.

தொப்!

வெடிக்கவில்லை.

"நனைஞ்சிடுச்சு இல்ல... அதான்!" என்றாள் பார்வதம், ஏதோ பாம் செய்து பழகியவள் போல.

"ரிட்டயர் ஆவுற அன்னிக்கு எங்க உசிரைக் காப்பாத்திட்டியே அக்கா!" என்றாள் ஜெஸ்ஸி.

கைதட்டல்!

லதா வியர்வையைத் துடைக்கக் கைப்பையில் கர்சீப் தேடினாள். விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

பேட்டரி செல்!

கடிகாரம் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளேதான் காலையில் கழற்றியிருந்தாள்.

அப்படியென்றால்..?

டிக்... டிக்... டிக்...

குனிந்தாள். எதிர் சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பை!

"அக்கா! இன்னும் கேக்குது! சீட்டுக்கு அடில..."

"பாம்தான் ஏரில கீதே! ஒரு ஆளு எத்தினி பாம்டி வெப்பான்?"

"எனக்கும் இன்னாமோ கேக்கற மாதிரி..." ஜெஸ்ஸி இழுத்தாள்.

"உனக்குமா?" வரலட்சுமி முறைத்தாள்.

"இல்லக்கா... ரயில் சத்தம்!"

"அதான! பாம் இல்லேன்றவங்க கை தூக்குங்க!"

ஐந்து கைகள். ஐந்து ஜோடிக் கண்கள் லதாவின் மேல்!

பக்கத்துப் பெட்டியின் கம்பி அவள் மனசுக்குள் வந்து போனது.

ஆறாவது கை... மெல்ல... எழுந்தது.

கடைசிவரை எதிர்த்துப் பேசியது அந்தக் கறுப்புப் பை ஒன்றுதான். ஆனால் பாவம்... அதற்குக் கை இல்லையே!