வெள்ளை விரித்த வழி

வண்டி கிறுகவில்லை. கண்டல் வேர் குறுக்கே கிடந்த இடத்தில் அது இடப்பக்கம் கிறுகியிருக்க வேண்டும். கண்ணகை எழுதிய நிரல் அப்படித்தான் சொல்லியது. வண்டியோ வேரின் மேலேறி நேரே போனது.

கணினித் திரைக்குள் மட்டும் ஓடுகிற ஆறு சக்கர ரோவர் அது. ஓட்டுநர் கிடையாது, கமெராப் படத்தைப் பார்த்துத் தானே வழி தேட வேண்டும். வெளிறிய மணல் என்றால் போகலாம், வரைபடத்தில் வெள்ளை பூசு. இருண்டது என்றால் தடை, கிறுகு. கட்டளைக்கே ‘கிறுகு’ என்றுதான் பெயர் வைத்திருந்தாள். பல்கலைக்கழக வளாகத்தில் கூடப் படிப்பவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, மட்டக்களப்பாள் எழுதிய வண்டி வேறு எப்படித் திரும்பும்?

திரையில் வண்டியின் கமெரா காணும் நிலத்துக்கான படங்களைத் தம்பி சீனித்தம்பிதான் எடுத்தான். முதல் நாள் வாவிக்கரையில் நாற்பது படம் எடுத்து வந்து, “காணுமா அக்கா, இன்னும் எடுக்கவா?” என்றான்.

“நாளைக்கும் போ. கரையில இருந்து எங்கட வாசல் வரைக்கும் எடு.”

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, சந்திக்குச் சந்தி காவலரண் நிற்கிற ஊரில், இருபது வயதுக்காரன் கையில் கமெராவைக் கொடுத்து அனுப்பினாள், புத்தி கெட்டவள். மறுநாள் போனவன் வரவில்லை. கமெராவும் வரவில்லை. மூன்று மாதமாயிற்று. அவனை அனுப்பியது தான்தான் என்று அம்மா ஆச்சிப்பிள்ளையிடம் அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. அம்மா தினமும் அவனுக்கும் சோறு போட்டு மூடி வைத்தாள்.

இருட்டிக்கொண்டு வரும் மைமல் பொழுது. ஊரடங்கில் தெரு செத்துக் கிடக்க, ஓய்ந்த மழை ஓட்டுக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தமும், கணினி விசிறியின் இரைச்சலும், சன்னல் வழியே மெல்ல ஏறி வந்த வாவிச் சேற்றின் வாடையுமாக இருந்தது அறை. கண்ணகை வரைபடத்தைப் பார்த்தாள். வெள்ளை இரு பக்கமும் அகன்று பரவ வேண்டும். இதுவோ ஒரு துணியின் அகலத்தில் நேராக நீண்டுகொண்டு போனது. அப்பாவின் செத்த வீட்டில் ஊருக்குத் துணி வெளுக்கும் கட்டாடியார் வாசலிலிருந்து தெருவுக்கு இப்படித்தான் வெள்ளைத் துணி விரித்தார், பாடை அதன்மேல் போனது. இது மறுவளம். வாவியிலிருந்து ஊருக்குள் வந்தது.

கமெராப் படம் மாறியது. பிள்ளையார் கோயில் மூலை. ஐயோ, அது அந்த நாற்பதில் இல்லையே. அடுத்தது அவர்கள் வீட்டு ஒழுங்கை. அதுவும் இல்லை. இரண்டாம் நாள் எடுக்கச் சொன்ன வழி. வராத கமெராவின் படங்கள்.

நிறுத்தினாள். நிற்கவில்லை. கிறுகு என்று அடித்தாள். கிறுகு. கிறுகு. வண்டி நேரே வந்தது. வீட்டுப் படலை. திறந்த படலை. வாசற்படி.

வயரைப் பிடுங்கினாள். யூ.பி.எஸ். கீச்சிட்டது. அடங்கியது. திரை இருண்டது. சேற்று வாடை கூடியது.

“புள்ள,” வாசலிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “ஆரு இதில வெள்ளை விரிச்ச?”

“அம்மா, கதவச் சாத்திப்போட்டு உள்ள வாங்க!”

அம்மா சாத்தவில்லை. சிரிக்கிற சத்தம் கேட்டது. “ஏன் மகன் இப்பிடி நனைஞ்சு வந்திரிக்காய்? காலைக் கழுவிப்போட்டு வா, சோறு இரிக்கு.”

கண்ணகை சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தாள். படலையிலிருந்து படி வரைக்கும் வெள்ளை விரிந்து கிடந்தது. அதில் ஒருவரும் இல்லை.

அம்மா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போயிருந்தது.

“நீ கேட்ட படமெல்லாம் எடுத்திட்டானாம், புள்ள.”

வெள்ளையில் ஒரு சேற்றுப் பாதம் பதிந்தது. அம்மாவை நோக்கி. அதற்கு முன்னால் இன்னொன்று.

மூன்றாவது கிறுகியது. கண்ணகை நின்ற பக்கம்.