பதினொரு பிழைகள்

போளூரிலிருந்து மலையேறிய பேருந்து ஜமுனாமரத்தூரில் நின்றபோது காலை பத்து மணி. சிவசங்கரி தோள்பையை அணைத்துக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பார்த்திபன் இறங்கினான். வழி நெடுக அவனோடு அவள் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

தன் வேலைக்கு உலை வைப்பவன் அவன்தான் என்று அவள் முடிவு கட்டி ஒரு மாதமாகிறது.

‘வியாழன் வாசல்’ என்ற விண்வெளித் தொடரில் அவள் கன்டினியூட்டி பார்ப்பவள். ஒரு காட்சியில் எந்தப் பொருள் எங்கே இருந்ததோ, அடுத்த காட்சியிலும் அது அங்கேயே இருக்க வேண்டும். அதைப் படமெடுத்துக் குறித்து வைப்பது அவள் பொறுப்பு. மலைமேல் பூட்டிக்கிடந்த பழைய விருந்தினர் விடுதி ஒன்றைப் பிடித்து, உள்ளே வெள்ளித் தகடு அடித்து விண்கலமாக மாற்றியிருந்தார்கள். ஏழு பகுதிகள் ஒளிபரப்பாயின. ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கேப்டனுக்கு இடப்பக்கம் இருந்த ஹெல்மெட், அவர் திரும்புவதற்குள் வலப்பக்கம் எப்படிப் போனது? நாற்காலி ஏன் சுவரோரம் ஒதுங்கியது? எல்லாவற்றையும்விட, கலத்தின் பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்று கதையிலேயே வருகிறது. எல்லாரும் உள்ளே இருக்கும்போது அதைத் திறந்தது யார்? ஒருவர் பட்டியலே போட்டுவிட்டார். மொத்தம் பதினொரு பிழைகள்.

“நாளைக்கு யூனிட்டோட வர்றேன். அந்த சீனையெல்லாம் மறுபடி எடுக்கணும்,” என்றிருந்தார் இயக்குநர் ரஞ்சித்குமார். “இன்னொரு தப்பு வந்துச்சுன்னா நீ வேற வேலை பாத்துக்க.”

எல்லாம் இடம் மாறியது மதியச் சாப்பாட்டு நேரத்தில். கலைப் பிரிவு உதவியாளன் என்ற உரிமையில் அப்போது உள்ளே போய்வரக்கூடியவன் பார்த்திபன் மட்டுமே. கேட்டால், “நான் தொடலக்கா” என்பான். அவள் வேலைமேல் அவனுக்கு ஒரு கண் இருப்பதும் அவளுக்குத் தெரியும்.

விடுதி கேட்டுக்கு வெளியே கோபால்சாமி நின்றிருந்தார். அங்கே வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். அவர்கள் உள்ளே நுழைந்ததும் சாவியைக் கம்பிக்கு மேலாக நீட்டினாரே தவிர, கேட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

“நாங்க இல்லாதப்போ இவன் வந்தானா?” அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“யாரும் வர்லம்மா,” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

உள்ளே ஈரத்துணியை நாள்கணக்கில் மூடிவைத்த வாடை. பழைய படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் அதனதன் இடத்தில் வைத்து முடிக்க மணி ஒன்றாகிவிட்டது. பிறகு அவள் பார்த்திபனை முன்னால் போகச்சொல்லி, வாசல் கதவைத் தானே பூட்டி, சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

“வா. என் எதிர்ல உக்காந்து சாப்டு.”

அவன் எதுவும் கேட்காமல் முற்றத்தில் அமர்ந்து பொட்டலத்தைப் பிரித்தான்.

இரண்டு கவளம் இறங்கியிருக்கும்.

உள்ளே நாற்காலி தரையில் உரசும் ஓசை கேட்டது.

பார்த்திபனின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. அவள் அவனையே பார்த்தாள். அவனும் அவளையே பார்த்தான்.

மறுபடி ஓர் உரசல். இப்போது இன்னும் கிட்டத்தில்.

கதவைத் திறந்தார்கள். ஹெல்மெட் சுவரோரம் கிடந்தது. மூன்று நாற்காலிகளும் இருபுறமாக ஒதுங்கியிருந்தன. வெள்ளி அடித்த பின்கதவு ஒரு சாண் திறந்து, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வாசல்படி வரை தரையில் ஒரு துரும்பு இல்லை.

சிவசங்கரிக்கு ஏதோ பொறி தட்டியது. பையிலிருந்த படங்களை எடுத்துத் தரையில் பரப்பினாள். இதுவரை ஒளிபரப்பான வரிசையில்தான் அவற்றைப் பார்த்திருந்தாள். இப்போது எடுக்கப்பட்ட தேதி வரிசையில் அடுக்கினாள். முதல் நாள் பின்கதவு அசைந்திருந்தது. இரண்டாம் நாள் அதன் பக்கத்துப் பெட்டி நகர்ந்திருந்தது. அப்புறம் ஹெல்மெட், அப்புறம் நாற்காலி. ஒவ்வொரு நாளும் ஓர் எட்டு முன்னால்.

“இது தப்பே இல்ல பார்த்தி,” அவள் குரல் கிசுகிசுத்தது. “யாரோ வழி ஒதுக்கிக்கிட்டு வர்றாங்க.”

கேட்டருகே கோபால்சாமி அதே இடத்தில் நின்றிருந்தார். அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“எதுவரிக்கும் வந்துகீது?”

“வாசல் வரைக்கும்.”

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“சுந்தரம்மா. என் வூட்டுக்காரி. எனக்கு அப்போ யாரைப் பாத்தாலும் சந்தேகம்மா. பால்காரன், கெஸ்ட்டா வர்றவங்கோ, எல்லார் மேலயும். கீழ போறப்போல்லாம் அந்தப் பின்கதவுக்கு அந்தாண்ட ரூம்ல வெச்சி பூட்டிட்டுப் போவேன். ஒரு ஐப்பசி மழையில ரோடு அறுத்துக்கிச்சி. ஒம்போது நாள் கழிச்சித்தான் மேல வந்தேன். ஜுரத்துல செத்துட்டான்னு ஊருக்குச் சொன்னேன்.”

பார்த்திபன் திரும்பி விடுதியைப் பார்த்தான்.

“கதவுங்களைத் தெறந்தே போட்டுட்டுப் போங்க,” என்றார் கடைசியில். “எனக்குத் தைரியம் வர்ல.”

இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து கல்லால் அண்டை கொடுத்தார்கள். திரும்பும் வழியில் சிவசங்கரி, “உன்னைத்தான் நெனச்சேன்டா,” என்றாள்.

“தெரியும்க்கா. பஸ்ல என் பெட்டியைக்கூட நீங்க ஒருதரம் தெறந்து பாத்தீங்க.”



மறுநாள் படப்பிடிப்பு மதியத்துக்குள் முடிந்தது. ஒரு குவளைகூட நகரவில்லை. வாடையும் போயிருந்தது. ரஞ்சித்குமார் முதல்முறையாக அவளைப் பாராட்டினார். அவளோ எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து கோபால்சாமி வெளியே வரவில்லை.

சாவி கொடுக்கும் சாக்கில் அவளும் பார்த்திபனும் போனார்கள். ஓட்டு வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது.

“ஐயா! யாரு உங்களைப் பூட்டினது?”

பேச்சு நின்றது.

“போங்கம்மா,” என்றார் கோபால்சாமி, கதவுக்கு அந்தப் பக்கம் வெகு அருகில். “அவ சொல்லிட்டா. ஒம்போது நாள்.”

பார்த்திபன் கல்லை எடுத்து நாலைந்து முறை ஓங்கி அடித்தான். பூட்டு உடைந்து கையோடு வந்தது. கதவைத் தள்ளினார்கள். கிழவர் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை. கூப்பிட்டும் எழவில்லை. கையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. பாறையை இழுப்பது போலிருந்தது.

“ஆளுங்களைக் கூட்டியாரலாம்க்கா,” என்றான் பார்த்திபன்.

இருவரும் படியிறங்கி ஓடினார்கள். பத்தடி போயிருப்பார்கள்.

பின்னால் ‘டக்’ என்றது.

திரும்பினார்கள். முற்றத்தில் ஈ காக்கை இல்லை. உடைந்த பூட்டு இன்னும் பார்த்திபன் கையில்தான் இருந்தது.

சாத்தியிருந்த கதவில் வேறொரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.