ஒருநாள் தீட்டு

2005 சித்திரை. காலை ஏழரை மணிக்கு மரக்காணம் உப்பளத்தில் சங்கீதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சுருண்டு விழுந்தாள். சேலையெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்தாள். கரு தங்கவில்லை, யாரோ கலைக்கிற மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஜெயாவிடம் மட்டும் சொன்னார் டாக்டரம்மா.

ஜெயா ராத்திரி டூட்டி முடித்து வீட்டுக்குப் போக வேண்டிய நேரம். எங்கே போவது? ஊர் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டது. சங்கீதாவின் புருஷன் ஐயப்பன் மாசி மகத்துக்கு மறுநாள் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன், திரும்பவே இல்லை. ஆகவே குழந்தை மேஸ்திரி அர்ச்சுனனுடையதாம். காலையில் டீ கொடுத்ததும் அவன்தான். சட்டை கிழிய அடித்து ஆஸ்பத்திரிக்கே இழுத்து வந்திருந்தார்கள்.

"டீயில என்னடா கலந்த?"

"எல்லா பொம்பளைங்களும் ஒரே கேன்லதாங்க குடிச்சாங்க. மத்தவங்க நல்லாத்தானே இருக்காங்க மேடம்?"

"கொழந்தை உன்னுதுங்கறாங்க."

"அய்யோ, அந்தப் பொண்ணுகிட்ட நின்னு பேசினதுகூட இல்லீங்க!"

வராந்தாவில் மாமியார் பாஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் மருமகளுக்குக் கூழ் கரைத்துக் கொடுத்தவள்.

"மருமக எப்படிப்பட்டவ?" என்று கேட்டாள் ஜெயா.

"என்னத்தைச் சொல்ல? எம் புள்ள போன அடுத்த வாரமே வெளிய உக்காந்தா. மறுநாளே தலைக்கு ஊத்திக்கிட்டு உப்பளத்துக்குப் போயிட்டா. அப்புறம் கொழந்த எங்கேர்ந்துங்க வரும்? நீங்களே சொல்லுங்க."

ஜெயாவுக்குத் தலை விண்ணென்று தெறித்தது. எழுந்து டாக்டரம்மாவிடம் போனாள்.

சங்கீதாவுக்குப் போன வாரம் எடுத்த ஸ்கேன் இருந்தது. "மாசி மகத்தை ஒட்டி உண்டான கரு. நாலஞ்சு நாள் முன்னபின்ன இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

"அதுக்கப்புறம் ஒரு நாள் ரத்தம் பட்டிருக்கே?"

"உண்டான கரு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுதான் கர்ப்பப்பையில போய் ஒட்டும். இன்ன நாள்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அப்ப சில பேருக்கு லேசா ரத்தம் படும். அது நிஜமான தீட்டா இருந்தா, கரு இவ்வளவு வளர்ந்திருக்காது."

பதினோரு மணிக்கு ஜெயா வராந்தாவுக்குத் திரும்பினாள்.

"அர்ச்சுனனை விட்டுருங்க" என்றாள் கான்ஸ்டபிளிடம். பிறகு பாஞ்சாலை பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"கூழ்லதானேம்மா கலந்தீங்க?"

"நானா?"

"தன் கொழந்தை இல்லன்னு அர்ச்சுனனுக்குத் தெரியும், அவன் ஏன் கலைக்கணும்? ஊரு சும்மா பேசுச்சு. ஐயப்பனுது இல்லவே இல்லன்னு கணக்குப் போட்டு நம்பினது நீங்க ஒருத்தர்தான். அந்த ஒரு நாளை வெச்சு."

பாஞ்சாலை முந்தானையால் வாயைப் பொத்தினாள். "எம் புள்ள மானம் போவக்கூடாதுன்னுதாங்க..."

"தீட்டு ஒரே நாள்ல நிக்குமா? நீங்களும் பொம்பளதானே! அது கரு ஒட்டுறப்ப பட்ட ரத்தம். உங்க புள்ள ஊர்ல இருந்தப்பவே உண்டாயிருச்சு."

"அப்போ... ஐயப்பன் கொழந்தையா?"

"ஆமா."

பாஞ்சாலை ஜெயாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மேடம், கொழந்தையைக் காப்பாத்திருவாங்கள்ல? பெரிய ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் கொண்டு போவலாங்க. எப்படியாவது..."

ஜெயா கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"நீங்க குடுத்தது வேலை செஞ்சிருச்சும்மா" என்றாள்.