குறைத்துச் சொன்ன பொய்

"அக்கா, இந்தச் சூடு பள்ளிக்கூடம் போற வரைக்கும் தாங்குமா?"

வெகு காலத்துக்கு முன் ஒரு சிறுவன் இப்படிக் கேட்டான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு பள்ளிச் சட்டை. இரவில் துவைத்தது விடிந்தும் காயாமல் இருந்தது. தெருமுனையில் துணி தேய்க்கிற பெண் அதைத் தன் கரிப்பெட்டியால் தேய்த்துக் காயவைத்து அவனுக்குப் போட்டுவிட்டாள். "ஓடினா தாங்கும், ஓடு" என்றாள். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். அவள் ஒருநாளும் காசு கேட்கவில்லை. கேள்வியையும் அநேகமாக மறந்துவிட்டாள். நாமும் அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு மீட்டரம்மா வீட்டு வாசலுக்கு வருவோம்.

மீட்டரம்மா மின்சார ஆபீசில் மீட்டர் பரிசோதிக்கிற மேசையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவர். அவருடைய கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் கழுத்தில் விசில் போகவில்லை. யாராவது ஒரு சிக்கலோடு வீட்டுப் படியேறினால் போதும், அம்மா கண்ணை மூடி ஒரு நொடி கடவுளை நினைத்துக்கொள்வார். அதற்குள் கண்டக்டர் குற்றவாளியையே கண்டுபிடித்து முடித்திருப்பார். அவர் சொல்கிற ஆள் மட்டும் எப்போதும் நிரபராதியாக இருப்பான்.

அன்று தன் இஸ்திரித் தள்ளுவண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தவள் இஸ்திரி அக்கா. கையில் ஒரு நோட்டீஸ்.

"அம்மா, நாளைக்கு மறுநாள் கரண்ட்டை வெட்டப் போறாங்களாம். நான் மீட்டர்ல கை வச்சுட்டேனாம். ஸ்க்ரூ டிரைவர் எப்படிப் பிடிக்கணும்னுகூட எனக்குத் தெரியாதும்மா."

"உக்காரு. தண்ணி குடி. முதல்ல இருந்து சொல்லு."

அவளுடைய கணவர் கொதிகலன் வேலையில் தீக்காயம் பட்டவர். காயம் ஆறியது. ஆனால் ஆறிய தோல் வியர்க்காது. வெயில் ஏறினால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் மயங்கி விழுவார். டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால், துணி தேய்த்துச் சேர்த்ததையெல்லாம் போட்டு ஒரு ஏசி வாங்கினாள்.

"கடைல அஞ்சு ஸ்டார் ஒண்ணைக் காட்டி, தவணையில கட்டுங்கன்னாங்க. கடனுக்குக் குளிர் வேணாம்னு சொல்லிட்டேன். கைல இருந்ததுக்கு ரெண்டு ஸ்டார்தான் வந்துது. பகல் பூரா ஓடுது, தினம் பன்னெண்டு மணி நேரம். ரெண்டு மாசத்துக்கு அறுநூறு யூனிட் வரணும்னு இன்ஸ்பெக்டர் கணக்குப் போட்டாரு. வந்தது நானூத்திச் சொச்சம். அஞ்சு ஸ்டாரா இருந்தா நம்பலாம், ரெண்டு ஸ்டார்ல இது நடக்கவே நடக்காது, மீதியைத் திருடியிருக்கேன்னு சொல்றாரு. கரண்ட் போனா இவரு..."

கண்டக்டர் துள்ளி எழுந்தார். "பக்கத்து வீட்டுக்காரன்! அவன் மாடியிலேருந்து ஒரு ஒயர் தொங்குது. நானே பாத்தேன்."

"அது அவங்க துணி காயப்போடற கொடிங்க" என்றார் மீட்டரம்மா. "செருப்பைப் போடுங்க. போய்ப் பாப்போம்."

வீட்டின் ஒரே அறையில் ஏசி சீராக முனகிக்கொண்டிருந்தது. இஸ்திரி அக்காவின் கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். மீட்டரம்மா அந்தச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டார்.

"ஒரு ஆறு நிமிஷம் எல்லாத்தையும் நிறுத்தணும். தாங்குவீங்களா, தம்பி?"

"கொதிகலன் பக்கத்துல இருபது வருஷம் நின்னவன்மா நான். ஆறு நிமிஷம்தானே!"

ஏசி, ஃபிரிட்ஜ், மின்விசிறி எல்லாம் நின்றன. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் எரியவிட்டார்கள். மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுங்கியது.

"இந்த மீட்டர்ல மூவாயிரத்து இருநூறு தடவை மினுங்கினா ஒரு யூனிட். அதை மீட்டர் முகப்புலயே எழுதியிருக்கும். நூறு வாட் பல்பு ஆறு நிமிஷம் எரிஞ்சா முப்பத்திரண்டு தடவை மினுங்கணும். குறைஞ்சா மீட்டர் பொய் சொல்லுது. எண்ணுங்க."

எண்ணுவதில் கண்டக்டரை மிஞ்ச ஆளில்லை. ஆறாவது நிமிடம் முடிந்ததும் விசிலை ஊதினார். "முப்பத்திரண்டு! டிக்கெட் சரியா இருக்கு."

"அப்ப மீட்டர் உத்தமன்."

பிறகு ஏசியை மட்டும் ஓடவிட்டு, அறை நன்றாகக் குளிரும் வரை காத்திருந்து மறுபடி எண்ணச் சொன்னார். நிமிடத்துக்கு இருபத்துநாலு. மீட்டரம்மா நோட்டீசின் முதுகில் ஏதோ கணக்குப் போட்டார். "மணிக்கு அரை யூனிட்டுக்கும் கீழ. ஏங்க, ஸ்டூல் மேல ஏறி ஏசியில இருக்கற ஸ்டிக்கரைப் படிங்க."

"ஒன்றரை டன். ரெண்டு ஸ்டார். வருஷத்துக்கு ஆயிரத்து அறுநூறு மணி நேரம் ஓடினா ஆயிரத்து நூத்தி இருபது யூனிட். அட, இந்த ஸ்டிக்கர் செல்லுபடியாகற காலம் முடிஞ்சு அஞ்சு வருஷம் ஆச்சே!"

"வெளிய நிக்கற பெட்டியில தகடு இருக்கும். எப்பத் தயாரிச்சதுன்னு பாருங்க."

கண்டக்டர் சன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார். "போன வருஷம்."

மீட்டரம்மாவும் ஸ்டூலில் ஏறி ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் மெல்ல வருடிப் பார்த்துவிட்டு இறங்கினார். "ஏசியை மாட்டினது யாரு?"

"கடை ஃபிட்டர் தம்பி. தூசிக்காக மூஞ்சியில துணி கட்டிக்கிட்டு வந்துச்சு, கழட்டவே இல்ல. தங்கமான புள்ளம்மா! மாசம் ஒருதரம் கூப்பிடாமலே வந்து ஃபில்டரைக் கழுவிட்டுப் போகும். காசு வாங்காது, டீ குடுத்தாலும் குடிக்காது. 'வரேன் பெட்டியக்கா'ன்னு சொல்லிட்டு ஓடிடும்."

"பெட்டியக்காவா? இங்க எல்லாரும் உன்னை இஸ்திரி அக்கான்னுதானே கூப்பிடறாங்க?"

"ஆமால்ல!" அவள் யோசித்தாள். "பழைய தெருவுல இருந்தப்ப சின்னப் பசங்க அப்படிக் கூப்பிடுவாங்க. இங்க வந்து பதினஞ்சு வருஷமாச்சு. இங்க யாருக்கும் அந்தப் பேரு தெரியாதே."

மீட்டரம்மா தலையசைத்தார். "நாளைக்குக் காலைல இன்ஸ்பெக்டரும் கடை முதலாளியும் ஃபிட்டரும் இங்க வரட்டும். நான் சொல்லி அனுப்பறேன்."

மறுநாள் அந்தச் சின்ன அறையில் மூச்சுவிட இடமில்லை. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் இருந்தார். முதலாளி கதவில் சாய்ந்திருந்தார். ஃபிட்டர் வாசற்படிக்கு வெளியே, முகத்தில் துணியோடு நின்றான். கண்டக்டர் யாரும் தப்பிவிடாமல் இருக்க வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

மீட்டரம்மா முதலில் பல்புப் பரிசோதனையை இன்ஸ்பெக்டர் கண்முன்னே செய்து காட்டினார். மீண்டும் முப்பத்திரண்டு.

"சரிம்மா, மீட்டர் நல்லாத்தான் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா ரெண்டு ஸ்டார் ஏசி எப்படி இவ்வளவு கம்மியா இழுக்கும்?"

"இழுக்காது."

"ஒருவேளை ஸ்டார் கம்மியா இருந்தா குளிரும் கம்மி, கரண்ட்டும் கம்மியோ?" என்றார் கண்டக்டர்.

"பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கறாங்க. எவ்வளவு குளிர் தரும்னு சொல்றது டன். அந்தக் குளிரை எவ்வளவு கரண்ட்ல தரும்னு சொல்றதுதான் ஸ்டார். ஒரே அளவு ரூம், ஒரே ஒன்றரை டன். ரெண்டு ஸ்டார் ஒரு மணி நேரத்துக்கு முக்கால் யூனிட்டுக்குக் கிட்ட சாப்பிடும், அஞ்சு ஸ்டார் அரை யூனிட்டுக்கும் கீழ. நீங்க பஸ்ல சொல்வீங்களே, ஒரே டீசல்ல ஒரு வண்டி ஊர் போய்ச் சேரும், இன்னொண்ணு பாதி வழியில நிக்கும்னு. அதே மாதிரிதான். அந்த அளவுகோலையும் சில வருஷத்துக்கு ஒருதரம் இறுக்கிடுவாங்க. அதனால ஸ்டாரை மட்டும் எண்ணக் கூடாது, ஸ்டிக்கர்ல இருக்கற வருஷத்தையும் யூனிட்டையும் சேர்த்துப் படிக்கணும். போன வருஷம் செஞ்ச ஏசியில அதுக்கு முன்னாடியே காலாவதியான ஸ்டிக்கர் எப்படி வந்துச்சு?"

மீட்டரம்மா ஸ்டூலில் ஏறி ஸ்டிக்கரின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரித்தார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர் பளபளத்தது. ஐந்து நட்சத்திரங்கள். வருடத்துக்கு எழுநூற்று இருபது யூனிட்.

"ஏமாத்து வேலை!" என்று கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"விசிலைக் கீழ விடுங்க. உலகத்துல பொய்ச் சீட்டு ஒட்டறவன் எப்பவும் கூட்டித்தான் ஒட்டுவான். கால் படியை அரைப் படிம்பான். நல்லதைக் குறைச்சுச் சொல்ற பொய்யை யாராவது பாத்திருக்கீங்களா? இந்தம்மா ரெண்டு ஸ்டார் விலைதான் குடுத்தாங்க. சுவத்துல இருக்கறது அஞ்சு. அப்ப கடைக்கு நஷ்டம் வந்திருக்கணும். முதலாளி, உங்களுக்கு நஷ்டமா?"

முதலாளி வாசற்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் கடையில ஒரு பைசா குறையலம்மா. மீதியை ஒருத்தர் கட்டிட்டாரு. பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்கைக் காப்பாத்துங்க. மீட்டர் சரி, கடை சரி, வீடு சரி. இன்ஸ்பெக்டர் சார், இனி புகார் குடுக்க ஆள் யாரு இருக்கா?"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். நோட்டீசை வாங்கி நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்கம்மா" என்று இஸ்திரி அக்காவிடம் சொன்னார். கட்டிலில் இருந்த மனிதர் இரண்டு கையும் கூப்பினார். அவர் கண்ணில் நீர் வந்தது. அவரால் வியர்க்கத்தான் முடியாது.

இஸ்திரி அக்கா வாசற்படிப் பக்கம் திரும்பினாள். ஃபிட்டர் அங்கே இல்லை.

ஃபிட்டர் தெருத் திரும்பும் இடத்தில் சைக்கிளைப் பிடித்தபடி காத்திருந்தான். முகத்துத் துணியை இப்போது அவிழ்த்திருந்தான். முப்பது வயதிருக்கும்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"ஓரத்துல ஒரு காத்துக் குமிழி இல்லாம ஸ்டிக்கர் ஒட்ட, தினம் அதே வேலை செய்யற கை வேணும். பழைய ஸ்டிக்கர் பழுதாப்போன ஏசியிலதான் கிடைக்கும். அப்புறம் நீ அவளைக் கூப்பிட்ட பேரு. அதுல பதினஞ்சு வருஷம் இருந்துச்சு."

அவன் தலை குனிந்தான். "குடுத்தா வாங்க மாட்டாங்கம்மா. கடனுக்குக் குளிர் வேணாம்னு சொன்னப்ப நானும் கடையிலதான் நின்னேன். அவங்களுக்கு என்னை அடையாளம் தெரியல. அது நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். சின்ன வயசுல அவங்க தேய்ச்சுக் குடுத்த சட்டைச் சூடு பள்ளிக்கூடம் வரைக்கும் தாங்குமான்னு கேப்பேன். தாங்குச்சும்மா. இன்னும் தாங்குது."

கண்டக்டர் அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல மனசுதான், தம்பி" என்றார் மீட்டரம்மா. "ஆனா நல்லது செய்யறப்பவும் சீட்டை மாத்தக் கூடாது. உன் தர்மம் அவ தலையில திருட்டுப் பட்டமா விழுந்துச்சு பாத்தியா? அடுத்த தரம் பேரை வேணா மறை, உண்மையை மறைக்காதே."

"சரிம்மா. அவங்ககிட்ட..."

"என் வாயிலேருந்து வராது. இவரு வாய்க்கும் நானே பொறுப்பு."

"நான் என்ன சொன்னேன்!" என்றார் கண்டக்டர்.

வீட்டுக்கு நடக்கும்போது கண்டக்டர் கழுத்து விசிலைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்: "அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சா தெரியட்டும், இல்லைன்னா இல்லைன்னே வச்சுக்கோங்க. எல்லாக் கேஸையும் நாம முடிக்கணும்னு இல்லைங்க. சிலதைக் கடவுளுக்கு விட்டுடணும்."

அன்றிரவு கோடையின் முதல் மழை பெய்தது. ஃபிட்டர் கடையின் பின்புறத்து அறையில் தங்குபவன். துவைத்துக் கொடியில் போட்ட அவனுடைய வேலைச் சட்டை நனைந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே காலையில் கதவைத் திறந்தான்.

கொடியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டை அதில் இல்லை. கதவுக் கைப்பிடியில் நன்றாகத் தேய்த்து, மடிப்புக் கலையாமல் தொங்கியது. சந்தில் எந்தப் பக்கமும் ஆள் இல்லை. ஈர மண்ணில் தள்ளுவண்டிச் சக்கரம் போன தடம் மட்டும் இருந்தது.

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டான். இன்னும் சூடாக இருந்தது. சைக்கிளை எடுத்து, ஓட்டமாக மிதித்தான்.