வானத்தின் மேல் போட்ட பழி

செவ்வாய்க்கிழமை காலை 6.20. கூமாப்பட்டிக்கு மேற்கே, தன் தென்னந்தோப்பின் வாய்க்கால் ஓரத்தில் இருதயம் குப்புறக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. தலைக்கு ஒரு முழம் தள்ளி, உரிக்காத தேங்காய் அளவில் ஒரு கறுப்புக் கல் ஈர மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. காய் வெட்ட வந்த ஆண்டிச்சாமிதான் முதலில் பார்த்துச் சத்தம் போட்டவர்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இன்ஸ்பெக்டர் யோகேஸ்வரி வந்து சேர்வதற்குள் ஊர் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டது. முந்தின நாள் மாலை 6.50க்கு மலைக்கு மேலே ஒரு நெருப்புப் பந்து சீறிக்கொண்டு போனதை ராஜபாளையம் வரைக்கும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். இடி போலச் சத்தமும் கேட்டிருந்தது. அக்டோபர், செபமாலை மாதம். மாதா கோயில் முற்றத்தில் செபத்துக்குக் கூடியிருந்த சனம் அப்படியே மண்டியிட்டதாம்.

"வாய்க்கா மொறத் தண்ணிக்காக ஊரோட மல்லுக்கு நின்னாரு. ஒரு வருசமா கோயில் வாசல மிதிக்கல" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "ஆண்டவர் கல்லெடுத்து எறிஞ்சிட்டாரு."

யோகேஸ்வரிக்கு எரிச்சலாக வந்தது. பழியை இறக்கி வைக்க வானத்தைப் போல வசதியான இடம் ஏது? அது கூண்டில் ஏறிப் பதில் சொல்லாது.

தோப்பு வரப்பில் இருதயத்தின் மனைவி ஞானபாக்கியத்தை அவளுடைய அண்ணன் கிறிஸ்துராஜ் இரண்டு தோளிலும் பிடித்து நிறுத்தியிருந்தார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருப்பவர். இருதயத்தின் தோப்புக்குக் கீழ்த்தோப்பும் அவருடையதுதான்.

"ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டு வாரேன், அண்ணே."

"ஆஸ்பத்திரில பாத்துக்கலாம், ஏட்டி. அங்க போவாத." இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "மேடம், அந்தக் கல்ல மட்டும் இவ கண்ணுல காட்டிராதிய. போன்ல வந்த படத்தக்கூட நான் காட்டல. தாங்கமாட்டா."

நல்ல அண்ணன் என்று நினைத்துக்கொண்டார் யோகேஸ்வரி. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"நேத்து 6.50க்கு எங்க இருந்தீங்க?"

"கோயில் முத்தத்துல. மொதல்ல முழங்கால் போட்டதே நாந்தான்."

"மாப்பிள்ளையோட சண்டையா?"

"வாய்க்காத் தண்ணிக்கு யாரு கூடத்தான் அவருக்குச் சண்ட இல்ல?"

யோகேஸ்வரி அண்ணாந்து பார்த்தார். ஓர் ஓலைகூட ஒடியவில்லை. குனிந்து கல்லைப் பார்த்தார். உடம்பெல்லாம் தீய்ந்த கறுப்பு. இடுப்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு, சுற்றிலும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கல்லுக்கு எதற்கு அரைஞாண் கயிறு என்று தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை.

மாலை ஆறு மணியிலிருந்து இரவு பத்துக்குள் உயிர் போயிருக்கலாம், கனமான பொருளால் விழுந்த அடி என்றார் டாக்டர். அது ஊர் சொன்னதற்கும் பொருந்தியது.

வியாழக்கிழமை வாக்குமூலம் வாங்க யோகேஸ்வரி ராஜபாளையம் போனார். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. ஒவ்வொரு தறிக்குப் பின்னாலும் துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் சுற்றிய உருளை, அது இழுபட்டு விறைப்பாக நிற்பதற்காகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பாரக்கல். மூலைத் தறியில் நின்ற பாண்டிசெல்வி முதலாளியைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இந்தப் பாவு தொய்யுது. செவ்வாக்கெழமையில இருந்து துணி கண்ணு கண்ணா வருது. எம்புட்டு இழுத்துக் கெட்டுனாலும் நிக்க மாட்டேங்கு."

"எழவு வீட்டுக்காரன்கிட்ட வந்து தறிப் புராணமா? போயி ஓட்டு, ஏட்டி!"

துக்கத்தில் இருக்கிற மனிதர் சீறத்தான் செய்வார். யோகேஸ்வரி கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் மதுரையிலிருந்து நிலவியல் பேராசிரியை ஜெமி ஸ்டேஷனுக்கு வந்தார். கல்லைத் தூக்கியதும் புருவம் உயர்ந்தது. "அளவுக்கு மீறின கனம். உள்ள இரும்பு." காந்தம் ஒட்டியது. ஓரத்தில் லேசாக உரசினார், உலோகப் பொட்டுகள் மின்னின. "வானத்துக் கல்லுதான், மேடம். சந்தேகமே இல்ல."

அத்தோடு கோப்பை மூடியிருக்கலாம். மூடவிடாதவள் ஞானபாக்கியம். வாரா வாரம் பஸ் ஏறி வந்து ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நிற்பாள். அவள் வீட்டு வாசலில் யாரும் கால் வைப்பதில்லை. தெய்வம் கல்லெறிந்த வீடாம். அவளுடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எங்க வீட்டுக்காரவியள ஆண்டவரா கொன்னாரு, மேடம்? அவிய அப்படி என்ன பாவம் பண்ணிட்டாவ?"

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து யோகேஸ்வரி கோப்பை மறுபடியும் திறப்பார்.

இதற்கிடையில் பிளவக்கல் அணைப் பக்கம் ஆடு மேய்ப்பவர் இன்னொரு கறுப்புக் கல்லைக் கண்டெடுத்தார். இரண்டையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்றார் ஜெமி.

"ரெண்டும் வானத்துக் கல்லுதானே? அனுப்பி என்ன ஆகப் போவுது?"

"வானத்துக் கல்லுக்கும் ஜாதகம் இருக்கு, மேடம்."

நவம்பர் நடுவில் அந்த ஜாதகம் வந்தது. காலை 11 மணி. ஜெமி தாள்களை மேசையில் பரப்பினார்.

"ரெண்டு கல்லுக்கும் வயசு நானூத்தம்பது கோடி வருசம். அது நமக்கு உதவாது. பூமிக்கு எப்ப வந்துச்சுங்கறதுதான் கேள்வி. கல்லு விண்வெளியில திரியறப்ப, அங்க பாயுற கதிர் பட்டு அதுக்குள்ள கதிரியக்க அணுக்கள் உண்டாகும். அலுமினியம் இருபத்தாறு ஒண்ணு, சோடியம் இருபத்திரண்டு ஒண்ணு. பூமிக்கு வந்துட்டா காத்து மண்டலம் மறிச்சிரும், புதுசா ஊறாது. இருக்கறது கரைய ஆரம்பிக்கும். அலுமினியம் கரைய லட்சக்கணக்குல வருசம் வேணும். சோடியம் ரெண்டரை வருசத்துக்கு ஒருக்கா பாதி பாதியாப் போயிரும். முப்பது வருசம் போனா ஒண்ணும் மிஞ்சாது."

"பிளவக்கல் கல்லுல?"

"ரெண்டும் இருக்கு. அன்னைக்கு விழுந்த கல்லு அதுதான்."

"இருதயம் பக்கத்துல கிடந்ததுல?"

"அலுமினியம் இருக்கு. சோடியம் துளிகூட இல்ல. தாதுக்களும் வேற, இதுல இரும்பு ரொம்ப ஜாஸ்தி. ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்களே இல்ல. இது நம்ம தாத்தா காலத்துல விழுந்த கல்லு, மேடம்."

யோகேஸ்வரி நாற்காலியில் சாய்ந்தார். வானத்துக் கல்தான், ஆனால் அன்றைக்கு வானம் எறிந்ததில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக அது யார் வீட்டில் கிடந்தது? கயிறு சுற்றித் தேய்ந்த இடுப்பு. அளவுக்கு மீறின கனம். செவ்வாய்க்கிழமை முதல் தொய்கிற பாவு. அதெல்லாம் போக, இவ்வளவு நாளும் பாசம் என்று தாம் நம்பிய ஒரு வேண்டுகோள்.

மாலை 4 மணிக்கு அண்ணனும் தங்கையும் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்கள். மேசை மேல் இரண்டு பொருள்கள். ஒன்று, மூலைத் தறியிலிருந்து மதியம் அவிழ்த்துவந்த சாதாரணக் கருங்கல், கயிற்றோடு. மற்றது துணி போட்டு மூடியிருந்தது.

"கிறிஸ்துராஜ், இந்தக் கருங்கல்ல தறியில எப்பக் கெட்டுனீங்க?"

"அது எப்பவும் உள்ளதுதான்."

"இல்ல. பாண்டிசெல்வி சொன்னதக் கேட்டுட்டு நானும் சும்மா வந்துட்டேன். பழைய கல்லு அளவுக்கே ஒரு கல்லத் தேடிக் கெட்டிட்டீங்க. ஆனா அதுல இருந்த இரும்பு இதுல இல்ல. கனம் பத்தல, பாவு தொஞ்சிருச்சு."

"6.50க்கு நான் கோயில்ல இருந்தேன். ஊரே சாட்சி."

"இருந்தீங்க. அப்ப இருதயமும் உயிரோடதான் இருந்தாரு. இந்தக் கல்லு 6.50க்கு விழுந்திருந்தாத்தான் அந்தச் சாட்சிக்கு மதிப்பு. இது அன்னைக்கு விழவே இல்ல."

யோகேஸ்வரி ஞானபாக்கியத்தின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "தாயி, இவ்வளவு நாளா உங்க கண்ணுல காட்டாம வச்சிருந்தது இது. மனசத் தேத்திக்கிட்டுப் பாருங்க."

"வேண்டாம், மேடம்!" கிறிஸ்துராஜ் பதறி எழுந்தார். யோகேஸ்வரி துணியை எடுத்தார்.

ஞானபாக்கியம் பார்த்தாள். குனிந்து இன்னொரு முறை பார்த்தாள். பயமோ அழுகையோ இல்லை. திகைப்புதான் இருந்தது.

"இது எங்க அப்பன் வீட்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்த கல்லுல்லா?" என்றாள். "காத்துக்குக் கதவு அடிக்காம நாந்தான தெனமும் உருட்டி வைப்பேன். வானத்துல இருந்து வெள்ளியா விழுந்த கல்லும்பாரு எங்க தாத்தா. நாங்க கேலி பண்ணுவோம்… அண்ணே, இத நீதான தறிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போன?"

கிறிஸ்துராஜ் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"தோப்பு கருகுது, மேடம். செத்த நேரம் மடையத் தெறந்து விடுங்கன்னுதான் செபம் முடிஞ்ச பொறவு போயிக் கேட்டேன். என் மொற முடியலன்னாரு. வாய் தடிச்சிருச்சு. மண்வெட்டியத் திருப்பி ஒரே அடி… செத்துட்டாருன்னு தெரிஞ்ச பொறவுதான் நெருப்புப் பந்து ஞாபகம் வந்துச்சு. பைக்க எடுத்துட்டு ராஜபாளையம் போயி, தறியில தொங்குன அந்தக் கல்ல அவுத்துட்டு வந்து…"

ஏட்டு அவரை அழைத்துப் போனார். வாசலைத் தாண்டும்போதும் அவர் தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. யோகேஸ்வரி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஞானபாக்கியம் டம்ளரைத் தொடவில்லை.

"எழவு வீட்டுல எனக்குக் கஞ்சி ஊத்திக் குடுத்தது அந்தக் கைதான்" என்றாள். பிறகு அழுதாள். ஸ்டேஷனே அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தது.

எழுந்தபோது கேட்டாள். "அப்போ ஆண்டவர் எறியலயா, மேடம்?"

"எறியலம்மா. எறிஞ்சது மனுசன்."

அவள் மடியை அவிழ்த்து எதையோ தேடினாள். அடியில் சுருண்டு கிடந்த செபமாலையை வெளியே எடுத்தாள்.

"ஆண்டவர்தான் கொன்னாருன்னு ஊரு சொன்ன அன்னைக்குக் கழத்துனது. அவர் மொகத்துல முழிக்கவே கூடாதுன்னு இருந்தேன்" என்று சொல்லி, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகிற வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு நடந்தாள்.