வால்வில் கட்டிய பனியன்

முதலிபாளையம் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் அந்தப் பழைய சாயப்பட்டறை இருந்தது. நானும் என் வீட்டுக்காரர் ஜெபக்குமாரும் அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று நல்ல வெயில். பட்டறை மூடி வருடக்கணக்காகியும் சாயத்தின் புளித்த வாடை போயிருக்கவில்லை. சுவரின் அடிப்பக்கம் கருநீலமாக ஊறிக் கிடந்தது. அந்த இடத்தில்தான் முதலாளி மகுடேஸ்வரன் இசைத்தட்டு அடிக்கும் பிரஸ்ஸை இறக்கியிருந்தார்.

பனியன் ஊரான திருப்பூரில் இசைத்தட்டா என்று கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி ஜெர்மனியில் ஒரு பாட்டுக் கம்பெனிக்கு டி-சர்ட் தைத்து அனுப்பிக்கொண்டிருந்தவர். அவர்கள் புதிதாக வெளியிடும் ஜாஸ், ஃபங்க், சோல் தட்டுகளையும் தானே அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். ஆர்டர் என்று சொல்லி ராக்கெட் கேட்டாலும் "பண்ணீரலாமுங்க" என்கிற மனிதர் அவர்.

தட்டு அடிக்க நீராவி வேண்டும். அச்சைச் சூடாக்கி பிளாஸ்டிக் கட்டியை நசுக்கினால்தான் தட்டு வரும். அதற்குப் பட்டறையின் பழைய பாய்லர்களையே வைத்துக்கொண்டார். பெரியது ஒன்று, சின்னது ஒன்று, இரண்டையும் இணைக்கும் குழாயில் சக்கரம் வைத்த வால்வு. ஜெபாவுக்குப் பாய்லர் வேலை. எனக்குச் செக்கிங். அதுவரை பனியனில் கண்ணால் ஓட்டை தேடியவள், இப்போது ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு காதால் தேடினேன். புரியாத பாட்டுதான், ஆனால் ஃபங்க் ஓடினால் என்னை அறியாமல் கால் ஆடும்.

அந்த வால்வு சக்கரத்தில் ஒரு பனியன் கட்டியிருந்தது. இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே திருப்பிச் செருகிய முடிச்சு. நான் கை வைக்கப் போனேன்.

"தொடாதீங்க அம்மிணி," என்றார் வாட்ச்மேன் ராசப்பன். "அது தவசி கட்டுனதுங்க."

தவசி சாயப்பட்டறைக் காலத்து ஆள். பாய்லருக்குள் இறங்குகிறவன் தன் உடுப்பை வால்வில் கட்டிவிட்டுத்தான் இறங்குவான். திரும்பி வந்து அவனேதான் அவிழ்க்க வேண்டும், அதுவரை யாரும் வால்வைத் திறக்கக் கூடாது. தவசியும் அப்படித்தான் கட்டிவிட்டுப் பெரிய பாய்லருக்குள் இறங்கியிருக்கிறான். இந்த ஊரில் எந்த மெஷினைப் பார்த்தாலும் கை துடைக்கப் பனியன் வேஸ்ட் தொங்கும். எவனோ அதையும் வேஸ்ட் என்று உருவி, கிரீஸ் கையைத் துடைத்து வீசிவிட்டான். அடுத்து வந்தவன் வால்வைத் திறந்தான். சின்ன பாய்லரின் நீராவி முழுக்க உள்ளே போனது.

"அவன எடுத்துப் பொதைச்சதுக்கு மக்காநாளு பாத்தா, பனியன் மறுபடியும் கட்டியிருந்துச்சுங்க. அதே முடிச்சு. நாங்க யாரும் கட்டலீங்க," என்றார் ராசப்பன்.

ஜெர்மனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்றதும் முதலாளி அந்தப் பனியனைக் கத்தரித்து வேஸ்ட் மூட்டையில் போட்டார். "என்னங்க இது அசிங்கம்," என்றார். ராசப்பன் அன்றே வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஃபங்க் தட்டில் ஒன்றும் தெரியவில்லை. அந்த டிரம் சத்தத்தில் எது கேட்கும்? ஜாஸ் தட்டில்தான் முதலில் கேட்டேன். பியானோ மெதுவாக அடங்கி, அடுத்த பாட்டு தொடங்கும் முன் கொஞ்சம் வெறுமை இருக்கும். அங்கே கேட்டது.

டொக். டொக். டொக்.

இரும்பை உள்ளிருந்து தட்டும் சத்தம். ஊசியை மாற்றினேன். வேறு தட்டு போட்டேன். அதிலும் அதே இடத்தில் அதே தட்டல். முதலாளியிடம் சொன்னால், "ஜாஸ்னா அப்படித்தானுங்க, தாளம் நமக்குப் புரியாது," என்று அந்த லாட் தட்டுகளை அப்படியே அனுப்பிவிட்டார். பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுகூட அவருக்குத் தெரியாது. எரிச்சலாக வந்தது.

அடுத்த லாட்டில் தட்டலுக்குப் பின்னால் ஒரு குரல் இருந்தது.

"மாத்தாளு இன்னும் வரலீங்களா?"

ஷிப்ட் வேலை பார்த்த எவருக்கும் அந்தக் கேள்வி தெரியும். மாற்று ஆள் வராமல் மெஷினை விட்டு யாரும் நகர முடியாது. ஹெட்ஃபோனைக் கழற்றி வீசினேன். கழற்றிய பிறகும் காதுக்குள் ஈரமான மூச்சு பட்டது.

அந்த வாரம் புது சோல் தட்டுக்கு அவசர ஆர்டர். பெரிய பாய்லரில் உப்புப் படிந்திருந்தது. சின்ன பாய்லரில் பிரஸ்ஸை ஓட்டிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை பெரியதைச் சுத்தம் பண்ணச் சொன்னார் முதலாளி. இறங்க வேண்டியது ஜெபா.

"வேண்டாங்க. ஊருக்கே போயிருவோம்," என்று அழுதேன்.

"ஏட்டி, தட்டு பேசுதுன்னு சொல்லி லீவு கேக்கச் சொல்லுதியா?" என்று சிரித்தார். திருப்பூருக்கு வந்து இத்தனை காலமாகியும் அவர் வாயில் சொந்த ஊரான நாசரேத்தின் பேச்சு மாறவே இல்லை. "நீ வால்வுகிட்டயே உக்காந்துக்கோ. பெறவு என்ன பயம்?"

நீலச் சட்டையைச் சக்கரத்தில் கட்டிவிட்டு இறங்கினார். நான் சக்கரத்தின் மேல் கை வைத்து உட்கார்ந்தேன். பட்டப்பகல். பிரஸ் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். உள்ளே ஜெபா உப்பைச் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சுரண்டல் நின்றது.

"நதியா! ஏட்டி, இங்க வா!"

குரல் செக்கிங் ரூமிலிருந்து வந்தது. எப்போது வெளியே வந்தார் என்று யோசிக்கக்கூட இல்லை, ஓடினேன். அங்கே யாரும் இல்லை. நான் நிறுத்திவிட்டு வந்த தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி, பாட்டு இல்லாத அந்த இடத்தில் நின்றது.

"நதியா! ஏட்டி, இங்க வா!"

திரும்பி ஓடிவந்தேன். சக்கரத்தில் சட்டை இல்லை.

சக்கரம் தானாகச் சுழன்றுகொண்டிருந்தது.

இரண்டு கையாலும் பிடித்து மூடினேன். உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. "இயேசப்பா, இயேசப்பா" என்று கத்தினேன். பாய்லர் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. அதற்குள்ளிருந்து ஒரு கை வந்தது. பிடித்து இழுத்தேன். ஜெபா!

உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. கட்டிப்பிடித்து அழுதேன். ஆண்டவர் காப்பாற்றிவிட்டார் என்றே நம்பினேன். அவர் என் கைகளை மெதுவாக விலக்கினார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க அம்மிணி," என்றார்.

அதிர்ச்சி என்றார் டாக்டர். ஜெபம் பண்ணச் சொன்னார் பாஸ்டர். "எங்கூர்ல இத்தன நாள் இருந்தாருல்லங்க, பேச்சு ஒட்டிக்கிச்சு," என்றார் முதலாளி. அவர் வாயில் கொதிதண்ணியை ஊற்றலாம் போல இருந்தது.

கட்டுப் போட்ட கையோடு மறுபடி வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அடித்த சோல் தட்டு செக்கிங்குக்கு வந்திருந்தது. ஒரு பெண் உருகி உருகிப் பாடினாள். பாட்டு முடிந்தது.

டொக். டொக். டொக்.

"ஏட்டி... நதியா..."

ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு குனிந்தேன்.

"இருட்டா கெடக்குட்டி. சுடுது. வெளிய வந்தது நான் இல்லட்டி."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. நெருப்பெரிச்சல் என்ற பகுதியில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்களுக்கு ஒரே அறை, பின்னால் குளியலறை. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கதவின் கைப்பிடியில் ஜெபாவின் சட்டை கட்டியிருந்தது. இரண்டு சுற்று. நுனி உள்ளே திருப்பிச் செருகியிருந்தது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவைத் திறந்து வந்தவர் முடிச்சை நிதானமாக அவிழ்த்துச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நான் பாய்லர் பக்கம் போக வேண்டும், அவரை எப்படியாவது வெளியே எடுக்க வேண்டும் என்று மனசுக்குள்தான் நினைத்தேன். வாய் திறக்கவில்லை.

அவர் ஜெபாவின் முகத்தால் சிரித்தார்.

"தாராளமா போங்க அம்மிணி," என்றார். "அவரு வெளிய வரோணும்னா, மாத்தாளு நீங்கதானுங்க எறங்கோணும்."